பத்தொன்பதாவது பெயர்

கப்பல் வந்த மறுநாள் காலை போர்ட் பிளேர் ஜங்லிகாட் சந்தையில் மீன் பேரம் பேசிக்கொண்டிருந்த என்னைத் தேடி வந்து, என்னோடு வேலை செய்த சூசை அந்தக் கடிதத்தைப் படித்தான். எங்கள் சவரிமுத்து மேஸ்திரி தூத்துக்குடியில் தம் மகள் வீட்டில் காலமாகிவிட்டார். கஞ்சி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டாருக்குத் தந்தி கொடுக்கத் தோன்றவில்லை. கடிதம் கப்பலுக்குக் காத்திருந்து வந்து சேர்வதற்குள் பதினாறு நாள் கழிந்துவிட்டது. இடையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. அந்த இரண்டு ஞாயிறும், அவர் நன்றாக இருக்கிறார் என்று ஏழு பேர் முன்னால் உரக்கச் சொன்னவன் நான்.

அது எவ்வளவு பெரிய குற்றம் என்று அவரிடம் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல சூசை எழுதுகிறான். ஞாபகம் என்னுடையது. பிழை இருந்தால் அவனுடையது.

தீவுகளில் புதிதாகக் குடியேறிய சனங்களுக்காக நாங்கள் மரத்தில் ஜெட்டி, அதாவது படகுத்துறை, கட்டினோம். படகு வந்து அணைய ஜெட்டி இல்லையென்றால் ஊருக்குள் அரிசி வராது, நோயாளி வெளியே போக முடியாது. எங்கள் கேங்கில் பதினெட்டுப் பேர். ஒன்பது பேர் போர்ட் பிளேரில், மரைன் ஹில் அடிவாரத்துப் பட்டறையில் மரம் இழைத்து, துளை போட்டு, போல்ட்டும் சேர்த்துப் படகில் ஏற்றுவார்கள். மீதி ஒன்பது பேர் வடக்கே மாயாபந்தர் பக்கம் காட்டு முகாமில் தங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அதையெல்லாம் பொருத்துவோம். நான் முகாம் ஆள். வாரத்துக்கு ஒரு படகு, அதுவும் கடல் மனது வைத்தால்.

பேருக்குத்தான் ஒரே கேங். நாங்கள் இரண்டு கட்சி. ஒரு முறை போல்ட்டுகள் ஒரு விரல் குட்டையாக வந்தன. அவற்றைச் சாக்கில் போட்டு, கூடவே எங்கள் காலில் கடித்த அட்டைகளையும் பிடித்துப் போட்டு, பட்டறைக்கே திருப்பி அனுப்பினோம். அடுத்த படகில் சரியான போல்ட்டுகளோடு ஒரு சோப்புக்கட்டி வந்தது. தினமும் குளிக்கிற மனிதனை அட்டை கடிக்காதாம். பட்டறைக்காரர்கள் அப்படிச் சொல்லி அனுப்பினார்கள் என்று படகுக்காரன் சிரித்தான்.

மேஸ்திரி காதுக்கு இது போயிற்று. அவர் சிரிக்கவும் இல்லை, யாரையும் திட்டவும் இல்லை. மறுநாள் காலை பட்டறையில் ஆஜர் எடுக்கும்போது ஒன்பது பேரோடு நிறுத்தாமல் பதினெட்டுப் பேரையும் கூப்பிட்டாராம். முகாமுக்கும் அதே உத்தரவு வந்தது. அங்கே ஒருவனுக்கு இங்கே ஒருவன் ஜோடி. இருவரும் ஒரே பாஷைக்காரர்களாக இருக்கக் கூடாது. ஜோடியின் பெயர் வந்தால் அவனுக்காக இவன் பதில் சொல்ல வேண்டும், அவன் எப்படி இருக்கிறான் என்பதையும் சொல்ல வேண்டும். நன்றாக இருந்தால் ‘டீக் ஹை’.

“பாதிப் பேரைக் கூப்பிடுறவன் பாதி மேஸ்திரில்லா? நான் முழு மேஸ்திரி” என்பார்.

எனக்கு ஜோடியாக வாய்த்தவன் ஹரிபதோ. வங்காளத்திலிருந்து குடியேறியவன், பட்டறையில் இழைப்பு வேலை. அவனுக்கும் எழுத்து வராது. படகுக்காரன் வாயால்தான் எங்கள் கடிதப் போக்குவரத்து. முதலில் அவன் கடுகெண்ணெய் மாங்காய் ஊறுகாய் அனுப்பினான். அதை நான் திறந்ததும் முகாமில் எல்லாரும் என்னை வெளியே உட்கார வைத்தார்கள். பதிலுக்கு நான் கருவாடு அனுப்பினேன். “யே மச்லி ஹை யா சப்பல்?” என்று கேட்டு அனுப்பினான். இது மீனா, செருப்பா என்று அர்த்தம். இப்படியே போய், அவன் மகளுக்குப் பல் முளைத்தது எனக்குத் தெரிந்தது. மழை வந்தால் என் இடது முழங்கால் குத்தும் என்பது அவனுக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் ஒரு போல்ட்கூடக் குட்டையாக வரவில்லை.

அப்புறம் ஒரு மழைக்காலம். மூன்று வாரம் படகே வரவில்லை. இரண்டாம் நாளே எனக்கு மலேரியா. இருந்த மாத்திரை தீர்ந்தது. கூரை ஒழுகாத மூலையாகப் பார்த்து என்னைக் கிடத்தினார்கள். உடம்பு நடுங்கும்போதெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் நினைத்தேன். பிழைத்தால் முதல் படகு, அங்கிருந்து கப்பல், மெயின்லேண்ட். நம்மைத் தேட ஆளில்லாத இடத்தில் நமக்கு என்ன வேலை? கொஞ்சம் நிற்க முடிந்த அன்றைக்கே தகரப்பெட்டியைக் கயிற்றால் கட்டி வைத்துவிட்டேன்.

படகு வந்தது. மேஸ்திரியே அதில் வந்தார். குடிசைக்குள் குனிந்து நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏல மாடசாமி, என்னல இது? உன் பேருக்குத் தினம் ‘டீக் ஹை’ன்னு பதில் வந்துச்சேல!”

“நான் செத்திருந்தாலும் வந்திருக்கும், மேஸ்திரி.”

என்னைப் பார்த்தார். கட்டிய பெட்டியைப் பார்த்தார்.

“ஆமா, வந்திருக்கும்” என்றார். “படகு போகாத நாள்ல உனக்கு எப்படில தெரியும்னு ஹரிபதோகிட்ட நான் கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு எம்மேல.”

அதே படகில் என்னை ஏற்றினார். பெட்டியையும் அவரே தூக்கி வைத்தார், இறக்கி வை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் இடத்தில் அவர் தண்ணீரில் இறங்கினார். ஐம்பது வயதைத் தாண்டியவர். பட்டறைக்குச் சொல்லச் சொல்லி அவர் படகுக்காரனிடம் கத்தியது, படுத்திருந்த என் காதிலும் விழுந்தது:

“இனிமே படகு வராத நாள்ல ‘டீக் ஹை’ கிடையாது. ‘தெரியாது’ன்னு சொல்லுங்க. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்படாதீங்க, தெரியும்னு சொல்லத்தான் பயப்படணும். படகு கிடைச்சதும் மொதல்ல ஜோடிக்காரன் போய்ப் பாக்கணும். போல்ட்டெல்லாம் அப்புறம்.”

போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குத் தினமும் ஹரிபதோ வந்து கட்டிலருகே நின்றான். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். மூன்று நாள் அப்படி. நான்காம் நாள் ஒரு கிண்ணத்தை மூக்கருகே நீட்டினான். நான் அனுப்பிய அதே கருவாடு, கடுகெண்ணெயில் பொரித்தது.

“கா லோ, பாய். சப்பல் பகாயா ஹை” என்றான். செருப்பைச் சமைத்திருக்கிறேன், சாப்பிடு.

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவன் எப்படி மறுபடி சுவர்ப் பக்கம் திரும்புவது? அன்று சாயங்காலம் அவனையே விட்டுப் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன்.

முகாமுக்குத் திரும்பியபோது மேஸ்திரி சுத்தியலை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “இனிமே பத்தொன்பது பேரு. கடைசிப் பேரு என்னுது. அதுக்கு நீ பதில் சொல்லுல.”

“நான் எதுக்கு மேஸ்திரி? நான் ஓடப் பார்த்தவன்.”

“நம்பாதவன்தாம்ல சரியாப் பாப்பான்.”

அந்த வேலையை நான் ஒழுங்காகத்தான் பார்த்தேன். ஜெட்டிகள் முடிந்தன. கேங் கலைந்தது. அவர் மகளோடு மெயின்லேண்ட் போனார். இங்கே மிஞ்சியவர்கள் எட்டுப் பேர். ஞாயிறு பூசை முடிந்து சூசை வந்ததும் ஜங்லிகாட் டீக்கடையில் கூடுகிறோம். அவன் பத்தொன்பது பெயரையும் கூப்பிடுவான். தொலைவில் இருப்பவர்களுக்கு ஜோடி பதில் சொல்வான். போன மாதக் கப்பலில் மேஸ்திரியிடமிருந்து நல்ல கடிதம் வந்திருந்தது. அந்தத் தைரியத்தில், அடுத்த கப்பல் வராமலேயே, இரண்டு ஞாயிறும் ‘டீக் ஹை’ என்றேன். ஹரிபதோ செய்தபோது மன்னிக்க எனக்கு நான்கு நாள் ஆன அதே தப்பு. சேதி தெரிந்த அன்று அவன் தன் டீயை என் பக்கம் நகர்த்திவிட்டு, “அப் ஹம் தோனோ பராபர், பாய்” என்றான். இப்போது நாம் இருவரும் சமமாம்.

எங்களில் முதலில் போனவர் மேஸ்திரிதான். அந்தப் பெயரை எடுத்துவிடலாமா என்று சூசை கேட்டான். எடுக்கக் கூடாது என்றேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வரிசைதான். காகிதத்தில் இருந்தால் கிழியும். பத்தொன்பது பெயரும் அவர் கூப்பிட்ட வரிசையிலேயே என் தலைக்குள் இருக்கின்றன. வருகிற ஞாயிறும் சூசை கூப்பிடுவான். போன இடத்தில் அவர் எப்படி இருக்கிறாரோ, நான் எழுந்து நின்று, வெட்கப்படாமல், ‘தெரியாது’ என்பேன்.

தெரியாது என்று வந்தால் அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று அவரே சொல்லி வைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் சூசை எழுதுவதை நிறுத்திவிட்டான். “இதையும் எழுதணுமா, அண்ணாச்சி?” என்கிறான்.

எழுதுல. அவருக்கு ஜோடி நான். எனக்கும் படகு கிடைத்ததும் போய்ப் பார்க்கிறேன்.