தொண்டையில் ஏழு பழம்

கம்பத்து நத்தர்ஷா ராவுத்தர் குமுளி மலைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது கொடுத்த காற்றுத் துப்பாக்கி அவரிடம் இருந்தது. கொல்லையில் போட்ட திராட்சைப் பந்தலில் புறாவோ மைனாவோ உட்கார்ந்தால் அவருக்குப் பொறுக்காது. சுட்ட கையோடு கத்தியை எடுத்துக்கொண்டு ஓடுவார். உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லா சொல்லி அறுத்தால்தான் அது அவர் வீட்டுச் சட்டிக்கு ஆகும். முந்திச் செத்தது வேலிக்கு அந்தப் பக்கத்து ஒச்சாண்டிக்கு. இருபது வருசமாக அதுதான் வழக்கம்; ஒருவரையொருவர் மாமா, மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

1938 பங்குனியில் ஒரு காலை, பெரிய அலகுள்ள மலைப்பறவை இருவாச்சி ஒன்று பந்தலில் இறங்கிப் பழத்தைப் பறித்துப் பறித்து விழுங்கியது.

"மலையில இல்லாததா இங்கன இருக்கு" என்று சுட்டார்.

விழுந்த பறவையின் கழுத்தைப் பிடித்தபோது அதன் தொண்டையிலிருந்து பழங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஏழு. ஒன்றுகூட நசுங்கவில்லை.

ஒச்சாண்டி வருசநாட்டு மலையில் தேனெடுத்துத் திரிந்தவர். வேலியோரம் நின்று பார்த்தார்.

"இது தனக்குப் பறிக்கல மாமா. பொட்டை மரப்பொந்துல முட்டை வச்சு, வாசலப் பூசி அடைச்சுக்கிட்டு உள்ள உக்காந்திருக்கும். சேவல் கொண்டுபோய் ஊட்டினாத்தான் அதுக்கும் குஞ்சுக்கும் இரை."

"எந்த மரம் மாப்ளே?"

"அது இதுக்குத்தான மாமா தெரியும்."

கத்தி படுமுன்னே பறவை அடங்கிவிட்டது. வழக்கப்படி அது ஒச்சாண்டிக்குச் சேரவேண்டும். அவர் கை நீட்டவில்லை.

ராவுத்தர் ஏழு பழத்தையும் துண்டில் முடிந்துகொண்டு மலைப்பக்கம் நடந்தார். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். முடிந்த முடிச்சு அவிழாமல் பழம் துண்டிலேயே அழுகியிருந்தது.