சௌமியா எழுத்துக் கூட்ட, யாழினி சொல்ல

ஸ்ரீரங்கத்தில் காலை பத்து மணிக்கு ஒன்பது வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு காய்கறி வாங்கப் போனால், கடைக்காரர் முதல் ஆட்டோக்காரர் வரை ஒரே கேள்விதான். “பாப்பாவுக்கு இன்னைக்கு ஸ்கூல் லீவாங்க?” கனடாவில் நாங்கள் இருக்கும் ஹாலிஃபாக்ஸில் யாழினியைப் பள்ளியிலிருந்து நிறுத்தி இரண்டு வருடமாகியும் ஒருவர்கூட இப்படிக் கேட்டதில்லை. மாமனாருக்கு முழங்கால் ஆபரேஷன் என்று நான்கு மாதத்துக்கு நானும் யாழினியும் அவருடைய மேலூர் ரோட்டு ஃப்ளாட்டுக்கு வந்திருந்தோம். முதல் வாரத்திலேயே பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. கீழ்வீட்டு ரேவதியிடம் மட்டும் பொறுமையாக, “இல்லைங்க, வீட்லயே வச்சு நான்தான் படிக்க வைக்கிறேன். ஸ்கூல் அவளுக்கு ஒத்துக்கலை” என்றேன். மறுநாள் காலை ஒரு டம்ளர் கஷாயத்தோடு வந்து நின்றாள். “ஒத்துக்கலைன்னீங்களே. வயித்துக்குத்தானே? வெறும் வயித்துல குடுங்க.”

அவள் சொன்னதும் முழுக்கத் தப்பில்லை. யாழினிக்கு எல்லாம் வயிற்றுவலியில்தான் தொடங்கியது. ஹாலிஃபாக்ஸ் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு வந்தும் அவளுக்கு எழுத்துகள் சேரவில்லை. வாசிப்பு நேரம் வந்தால் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். டீச்சர் நல்லவர், அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனாலும் தினம் காலையில் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வீட்டிலேயே படிக்க வைப்பதாக ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான், அன்றிலிருந்து பிள்ளையின் படிப்பு என் பொறுப்பு. வீட்டில் படிக்க வைப்பவர்களின் கூட்டமொன்றில் ஒரு வெள்ளைக்காரப் பெண் என்னிடம், “உங்க மகளோட ஸ்டைல் என்ன?” என்று கேட்டாள். நான் உடையைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, “ஃபிராக்தான் பிடிக்கும், பேண்ட் போட்டா அழுவா” என்றேன். சற்று விழித்துவிட்டு விளக்கினாள். சில பிள்ளைகள் கண்ணால் கற்கும், சில காதால், சில கையால். அதைக் கண்டுபிடித்துப் பாடப் பொருட்களை வாங்க வேண்டுமாம்.

உப்பிலியபுரத்தில் நான் படித்த வகுப்பில் யாரும் யாருக்கும் இதைக் கேட்டதில்லை. எல்லோரும் சேர்ந்து கத்தினோம். எனக்கு வந்துவிட்டது. வராதவர்கள் பின் வரிசைக்குப் போனார்கள். எங்கள் தெரு செல்வி அப்படிப் போய், எட்டாவதோடு நின்று, காட்டு வேலைக்குப் போனாள். அதனால் அந்தப் பெண் சொன்னது எனக்குப் பெரிய வெளிச்சமாகப் பட்டது. முதலில் படம் போட்ட அட்டைகள் வாங்கினேன். பிறகு கேட்டுப் படிக்கும் பாடங்கள். கணினியில் ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தேன், யாழினி கையால் கற்பவள் என்று வந்தது. உடனே தொட்டுப் பார்க்கும் சொரசொரப்பான எழுத்துகள், களிமண், மரக்கட்டை எழுத்துகள். ஒவ்வொரு பெட்டியையும் இதுதான், இதுதான் என்று நினைத்துப் பிரித்தேன். ஒரு புத்தகத்தை அவள் தடங்கலில்லாமல் வாசித்த நாளில் அழுதே விட்டேன். மறுநாள் தவறுதலாக இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினேன். அவள் நான் தாண்டிப்போன பக்கத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். முழுப் புத்தகமும் மனப்பாடம். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் அவ்வளவு பாடுபட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

ரேவதியின் மகள் சௌமியா ஐந்தாம் வகுப்பு. ஒரு சாயங்காலம் இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டாள். கனடாப் பெண்ணைவிட நன்றாக யார் வாசித்துக் காட்டுவார்கள்? “இந்தப் பாடத்தைப் படிச்சுக் காட்டு, யாழினி. மிஸ் நாளைக்கு என்னை எழுப்பிக் கேப்பாங்க.”

நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன். “அவளுக்குத் தலைவலிடா கண்ணு.”

யாழினி என்னைப் பார்த்தாள். பிறகு சௌமியாவிடம் சொன்னாள். “தலைவலி இல்ல. எனக்குப் படிக்கத் தெரியாது.”

அந்த வார்த்தையை அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் வீட்டில் யாரையும் சொல்ல விட்டதில்லை. சௌமியா ஒரு நொடி யோசித்தாள், அவ்வளவுதான். “சரி, நான் எழுத்துக் கூட்டுறேன். எப்படிச் சொல்லணும்னு நீ சொல்லு.”

சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். சௌமியாவுக்கு எழுத்து தெரியும், உச்சரிப்பு தெரியாது. யாழினிக்குப் பேச்சு முழுக்கத் தெரியும், எழுத்து தெரியாது. “கே, என், ஐ, எஃப், இ. க்னைஃப்” என்றாள் சௌமியா.

“க்னைஃபா? அப்படி ஒண்ணு கிடையாதே.”

“இதால கயிறை அறுக்குறாருன்னு போட்டிருக்கு.”

யாழினி குனிந்து அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தாள். “நைஃப்! அந்தக் கே சும்மா நிக்குது, அது பேசாது.” இருவரும் சிரித்தார்கள். சும்மா நிற்கும் எழுத்து இன்னும் எங்கெங்கே இருக்கிறது என்று பக்கம் பக்கமாகத் தேடத் தொடங்கினார்கள்.

அன்றோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் ஆசை தாங்காமல் மரக்கட்டை எழுத்துகளைக் கொண்டுபோய் நடுவில் பரப்பி, “இதை வச்சுப் பண்ணுங்க, இன்னும் நல்லா வரும்” என்றேன். யாழினி முகம் இறுகிவிட்டது. “வயிறு வலிக்குது” என்றாள். சௌமியா புத்தகத்தை மடித்துக்கொண்டு கீழே போனாள். மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் நானே படியிறங்கிப் போய், “நான் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போறேன், நீ மேல வா” என்று கூப்பிட்டேன். காய்ந்த துணிகளை மடித்து முடித்தும் ஒரு மணி நேரம் வெறுமனே மாடியில் நின்றேன். என் பிள்ளை படிப்பதற்கு நான் இல்லாமலிருப்பது உதவுகிறது என்பதை அங்கே நின்றுதான் ஏற்றுக்கொண்டேன். லேசாகத்தான் இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை.

நான்கு மாதத்தில் பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. யாழினி மெதுவாக, விரல் வைத்து, சின்னச் சின்ன வரிகளை வாசிக்கிறாள். தெரியாத சொல்லைத் தெரியாது என்கிறாள். சௌமியாவைப் பிரிந்து விமானம் ஏறியபோது அழுதாள். அந்த ஒருத்தியை நான் எந்தப் பெட்டியில் வரவழைக்க முடியும்? இங்கே ஹாலிஃபாக்ஸில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதற்குக்கூட முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

இப்போது சனிக்கிழமைகளில் எங்களுக்குக் காலை ஒன்பது மணி, அவர்களுக்கு மாலை ஆறரை. வீடியோவில் சௌமியா புத்தகத்தைக் காட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டுகிறாள், யாழினி சமையலறை மேஜையிலிருந்து சொல்லிக்கொடுக்கிறாள். சில வாரமாக யாழினி கூட்டுகிறாள், சௌமியா சொல்கிறாள். போன சனிக்கிழமை வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு போய் அடுப்பை அணைக்கக் குமிழைப் பிடித்தேன். அடுப்பு சில்லென்றிருந்தது. அதன்மேல் ஒன்றுமே இல்லை. வீடியோவில், ஸ்ரீரங்கத்தில் ரேவதி யாரிடமோ அடுப்பை அணைக்கச் சொல்லும் சத்தம் கேட்டது.