மெர்சிங் பக்கத்துத் தீவில் சிலேட்டுப் பாறை பார்த்த சனிக்கிழமை

அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்பில் இதைப் படிக்கப்போகிறவளே, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதே. உன் அம்மாவிடம்கூட வேண்டாம். திங்கட்கிழமை இதை வகுப்பின் நிலப்படப் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். தீவுக்குப் போகுமுன் படித்துக்கொள்.

ஆடி மாதக் கடைசிச் சனிக்கிழமை, பாறைகளை நேரில் காட்டப் பூகோள ஆசிரியை பதினோரு பெண்களை அழைத்துப் போனார். அந்தப் புதன்கிழமைதான் நான் பெரியவளானேன். வீட்டில் சொல்லவில்லை. பெரியப்பா மகள் சரசு அக்கா சொன்ன அன்றே மாமாவுக்கு ஆள் போனது. அக்காவைத் தனியே பதினாறு நாள் உட்கார வைத்தார்கள். பிறகு பந்தல், விருந்து எல்லாம் நடந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் திரும்ப அனுப்பவில்லை.

லாரிக்கும் படகுக்கும் தலைக்கு ஒரு வெள்ளி இருபது காசு. குளுவாங்கிலிருந்து மெர்சிங் ஏறக்குறைய அறுபது மைல். விடியற்காலை நாலரைக்குப் புறப்பட்டோம். வழியில் காஹாங்கில் மூன்று காசுக்குத் தேநீர் கிடைக்கும். குடித்துவிடு, அதற்கப்புறம் காடுதான். எட்டே காலுக்கு மெர்சிங். ஆற்று முகத்தில் மணல் திட்டு இருப்பதால் நீர் ஏறியிருக்கும்போதுதான் படகு போகும். ஒன்பது மணிக்கு ஏறி, முக்கால் மணியில் தீவில் இறங்கினோம்.

கரையோரப் பாறை ஏடு ஏடாக, கறுப்பாக நிற்கிறது. ஒரு காலத்தில் வெறும் கடற்சேறாம். பூமிக்கடியில் நசுங்கி, வெந்து இப்படி மாறியிருக்கிறது. விளிம்பில் சுத்தியலால் தட்டினால் பலகையாகப் பிரியும். நாம் எழுதும் சிலேட்டு இதே கல்தான். இன்னும் அதிகமாக வெந்த இடங்களில் பட்டுத்துணிபோல் மினுமினுக்கிறது. குறுக்கே வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்புகள். கத்தியால் கீறினாலும் கோடு விழாது. ஓரிடத்தில் பித்தளை நிறத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள், தாயக்கட்டையை வெட்டி வைத்ததுபோல. பைரைட் என்ற கனிமம். யாரும் செதுக்கவில்லை, தானாக அப்படியே வளருமாம். அதைப் பார்த்தபோதுதான் புதன்கிழமைக்குப் பிறகு முதல் முறையாகப் பயம் மறந்தது.

துணிபோல் மடிந்த பாறை ஒன்று இடுப்பளவுத் தண்ணீருக்கு அப்பால் இருந்தது. எல்லோரும் இறங்கினார்கள். நான் நின்றுவிட்டேன். எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்சரின் மகள் பாக்கியம் திரும்பி வந்தாள்.

“என்னடி தங்கம், வெட்டக் கொண்டாந்த ஆடு மாதிரி முழிக்கிற? எறங்குடி.”

“நான் வரல.”

என் முகத்தையே பார்த்தாள். “அலமாக்! எப்ப?”

“புதன்கிழம. யார்கிட்டயும் சொல்லிடாதடி. சரசு அக்கா கததான் எனக்கும்.”

“சாமி சத்தியமா சொல்ல மாட்டேன். ஆனா எத்தன நாளைக்கு மறைப்ப?”

“டிசம்பர் பரீட்ச வரைக்கும்.”

“அதுக்குள்ள எங்கம்மாவே மோப்பம் புடிச்சிடும்லா,” என்று சிரித்தாள். பிறகு தண்ணீரில் இறங்கிப் போய்ப் பார்த்துவந்து, அந்தப் பாறையை என் நோட்டில் வரைந்து கொடுத்தாள்.

“செப்பாட், செப்பாட்!” என்று மலாய்ப் படகோட்டி சீக்கிரப்படுத்தினார். நீர் வற்றத் தொடங்கியிருந்தது. பதினொன்றரைக்குக் கிளம்பினோம். தாமதித்தால் மாலைவரை ஆற்றுக்குள் நுழைய முடியாது.

நீ போகும்போது ரப்பர் அடிவைத்த சப்பாத்து போட்டுக்கொள், பாசி வழுக்கும். ஐப்பசி முதல் தை வரை கடல் பொல்லாதது. ஒவ்வொரு கல்லையும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி, எடுத்த இடத்தை அதன்மேல் எழுது. மடிந்த பாறையைக் கட்டாயம் போய்ப் பார். நான் படத்தில்தான் பார்த்தேன். அந்தச் சேற்றுக்குக் கல்லாக மாற எத்தனையோ யுகம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு நாலே மாதம் போதும்.

கூடத்தில் பாக்கியத்தின் அம்மா குரல் கேட்கிறது. இந்த நேரத்தில் அவர் வந்ததே இல்லை. என் அம்மா “நெசமாவா?” என்கிறார். யாரோ கதவைத் தட்டு

“தங்கம், அம்மாதான். வெளிய வராத. எதையும் தொடாம அங்கயே உக்காரு. மாமாவுக்கு ஆள் போயிருக்கு.”