நஜீர் பாய் போடாத கையெழுத்து

நியூ ஜெர்சியில் எங்கள் வெஸ்ட் வின்ட்சர் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில், யாரோ விற்கப் போட்ட சோபாவின் படத்துக்கும், யாரோ விசாரித்த டேகேருக்கும் நடுவில் அந்தச் செய்தி வந்தது. நஜீர் பாய் காலமானார். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா, அடக்கம். எதற்கும் அசையாதவன் என்று மூன்று மாநிலங்களில் பெயர் வாங்கிய நான், என் கிடங்கில் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அமெரிக்கக் கம்பெனிகள் கனடாவில் பொருள் விற்றால், அந்த ஊர்ச் சுற்றுச்சூழல் சட்டப்படி லேபிளில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று சொல்வது அவர் உத்தியோகம். நான் படித்தது பத்தாவது. ஆனால் இந்தக் கண்டத்தில் பாக்குமட்டைத் தட்டை முதன்முதலில் இறக்கியவன் நான்தான். நயாகராவுக்கு அந்தப் பக்கம் என் தட்டு இல்லாமல் ஒரு தமிழ்க் கல்யாணம் நடந்ததில்லை.

கனடாக் காட்டுத்தீயின் புகை நியூ ஜெர்சி வரைக்கும் வந்து வானம் ஆரஞ்சாகிப் போனதே, ஞாபகம் இருக்கிறதா? அதைப் பற்றி ஒரு பிறந்தநாள் விருந்தில் நான் பேசிக்கொண்டிருந்தேன். “மூணு நாள் சூரியனே இல்ல, என் கையே எனக்குத் தெரியல” என்றேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: “ஒரு மத்தியானம்ணே. கையும் நல்லாவே தெரிஞ்சுது.” எல்லாரும் சிரித்தார்கள். அப்படித்தான் பழக்கமானோம். பெட்ரோல் மேலிருந்த கார்பன் வரியைக் கனடா எடுத்தபோது வீட்டில் துக்கம் போல முகம் வாடி இருந்தவர் அவர். “போட்ட சட்டமெல்லாம் ஒண்ணு ஒண்ணா கழண்டுகிட்டே போகுதுண்ணே” என்றார்.

என் தட்டு உறையில் ‘பதினைந்தே நாளில் மண்ணோடு மண்ணாகும்’ என்று அச்சடித்திருந்தேன். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்லி விற்றால் முறையாகச் சோதித்திருக்க வேண்டும் என்று கனடாவில் சட்டத்தை இறுக்கிய நேரம். “டெஸ்ட் பண்ணீங்களா?” என்றார் பாய். சேலத்து மண்ணில் என் கண்ணாலேயே பார்த்தது என்றேன். அவர் ஒரு தட்டை வாங்கிப் போய், இலை உதிரும் காலத்தில் தன் வீட்டுக் கொல்லையில் புதைத்தார். பனி உருகியதும் என்னைக் கூப்பிட்டுத் தோண்டினார். அலம்பியதும் தட்டு புதிதுபோல இருந்தது.

“இன்னொரு பந்தியே வைக்கலாம்ணே.”

“உங்க ஊர் மண்ணு சரியில்ல பாய். ஐஸ் மாதிரி கெடக்கு.”

“கனடா மண்ணு இதைவிட ஜில்லுண்ணே.”

அதோடு விட்டிருக்கலாம். என் தட்டை வாங்கி விற்ற டொரோண்டோ கடைக்காரர், சோதனை செய்ததாக விவரம் தெரிந்த ஒருவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்றார். பாயிடம் போனேன். “இத மட்டும் கேக்காதீங்கண்ணே” என்றார். “ஒரு கையெழுத்துதானே, உங்க சொத்தையா எழுதித் தரச் சொன்னேன்? படிச்ச திமிரு!” என்று அவர் மனைவி முன்னாலேயே கத்திவிட்டு வந்தேன். டொரோண்டோ கடைக்காரர் வாங்குவதை நிறுத்திவிட்டார். அதற்கும் பாயையே திட்டினேன்.

எட்டு மாதம் பேசவில்லை. ஒருநாள் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் எதிரே வந்தார். “அண்ணே” என்று கை தூக்கினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நின்றிருந்த ரயிலில் ஏறிவிட்டேன். அது நான் போகவேண்டிய ரயிலே இல்லை. ட்ரென்டனில் இறங்கித் திரும்பி வந்தேன். அவரை நான் பார்த்தது அதுதான் கடைசி.

அடக்கம் முடிந்து காரில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். அவருடைய குரல் செய்தி ஒன்று மூன்று வாரமாகக் கேட்காமல் கிடந்தது. வீம்பு, வேறென்ன.

“அண்ணே, கோபம் போகலைன்னாலும் இதைக் கேளுங்க. அந்தச் சட்டத்துல கொஞ்சம் தளர்த்தப் போறாங்களாம். உங்கள மாதிரி விக்கிறவங்க மேல வெளியாளுங்க நேரா கேஸ் போடுறது கஷ்டமாகும். உங்களுக்கு நல்ல நியூஸ்தான், அதான் சொல்றேன். டெஸ்ட் பண்ணணுங்கிறது மட்டும் அப்படியே இருக்கு. எனக்குத்தான் மனசு சரியில்ல. சரி, வச்சிடுறேன்.”

தனக்கு வேதனையான செய்தியை, எனக்கு உதவும் என்பதற்காக, முகம் திருப்பிப் போனவனைத் தேடிச் சொல்லியிருக்கிறார். அதிலும் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பதில் அனுப்ப விரல் போயிற்று. யாருக்கு அனுப்புவது?

போன வாரம் கனடாவில் மிசிசாகாவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். தங்கைக்குச் சீமந்தமாம். “அங்கிள், இந்தத் தட்டு எத்தனை நாள்ல மக்கும்?” என்று கேட்டாள். பதினைந்து நாள் என்பது நாக்கு நுனியில் தயாராக நின்றது. ஆயிரம் பேரிடம் சொன்ன பதில். பெரிய பெரிய ஆட்கள் கேட்டாலும் பாய் கூசாமல் ஒரு வார்த்தை சொல்வார். அறுபத்து நான்கு வயதுவரை நான் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

“தெரியாதும்மா” என்றேன்.