எல்லாம் செட்

பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் ஒரு குட்டி அறை. அதில் முப்பது வருஷமாகப் பல் செட் செய்கிறவரைச் செட்டுக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆங்கிலத்தில் ஒரு வரி உருப்படியாகப் பேசத் தெரியாது. ஆனால் ‘செட்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு பாதி ஆயுளை ஓட்டிவிட்டார் மனிதர்! அச்சில் ஊற்றிய பிளாஸ்டர் மாவு இறுகினால் செட் ஆயிடுச்சு. புதுச் செருப்பு கடித்தால் செட் ஆகலை. டீக்கடையில் கூடுகிற நாலு பேர் நம்ம செட்டு. மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்ததும், “அவ லைஃப் செட்டுப்பா” என்று தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

“உங்க வாயில வேற வார்த்தையே வராதா?” என்று மனைவி கேலி செய்வாள். அதுவும் அவளுக்கு வாயெல்லாம் பல்லாக இருந்த காலத்தில்.

அப்புறம் அவளுக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சு கொடுப்பதற்கு முன்னால் பற்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மகள் வீடியோவில் கூப்பிட்டால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு போன் பக்கமே வருவதில்லை.

“அம்மா எங்கப்பா?”

“தூங்குறாம்மா. தொண்டையில சின்னப் புண்ணு. இப்ப எல்லாம் செட் ஆயிடுச்சு.”

நாலு மாதம் இப்படியே புளுகினார். அப்புறம் ஆஸ்பத்திரியில், இனி மருந்து கேட்காது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கையை விரித்துவிட்டார்கள். மகளிடம் அதையும் சொல்ல நா எழவில்லை. “சும்மா ஒரு நடை வந்துட்டுப் போம்மா” என்றார். இந்த வாரம் விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். “வரட்டும். ஆனா இந்தப் பொக்கை வாயோட எம்பொண்ணு முன்னால உட்கார மாட்டேன். ஊருக்கெல்லாம் செஞ்சு குடுத்தீங்களே, எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க.”

பல் டாக்டர் தயங்கினார். “ஈறு இன்னும் சுருங்கும்யா. ஆறு மாசம் போகட்டுமே.”

ஆறு மாதத்துக்கு அவர் எங்கே போவார்?

அவரே அளவெடுத்தார். இத்தனை வருஷத்தில் அவர் தொட்டதெல்லாம் மாவு வாய்கள்தான்; உயிருள்ள வாயில் கை வைத்தது அன்றைக்குத்தான். “வலிக்குதா?” என்று பத்து தடவை கேட்டார். அச்சு எடுத்ததும் அடியில் பென்சிலால் ஆள் பேரை எழுதுவது அவர் வழக்கம். இதில் எழுதப் போனவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

பல்லை ஒவ்வொன்றாக உரசி, கல்யாணப் போட்டோவைப் பார்த்துப் பார்த்து, அவளுடைய முன்பல்லில் இருந்த சின்னக் கோணலைக்கூட விடாமல் செய்தார். அந்தப் பத்து நாளில் அவளுக்குக் கஞ்சித் தண்ணீரும் இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போனது.

சனிக்கிழமை சாயங்காலம் மாட்டிப் பார்த்தார்கள். வாயைத் திறந்ததும் மேல் செட் தொப்பென்று நாக்கில் விழுந்தது. அரத்தை எடுத்தார், ராவினார், மறுபடி மாட்டினார். கீழ் செட் அசைந்து அசைந்து ஈறு கிழிந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். பாவி மனுஷன், அழுதுகொண்டே ராவினார்.

“போதும்” என்றாள். செட்டை வாங்கி, பக்கத்தில் இருந்த தன் வாய் அச்சில் வைத்தாள். மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. “இதுக்கு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் இல்ல.”

மறுநாள் காலையில் வாசல் மணி அடித்தது. அவள் துண்டைத் தேடி எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, உள் அறைக் கதவை ஒருக்களித்து மூடச் சொன்னாள்.

மகள் பையை இறக்கக்கூட இல்லை. மேஜைமேல் செட்டோடு இருந்த அச்சு கண்ணில் பட்டுவிட்டது. சின்ன வயதில் அந்த அச்சுகளோடு விளையாடி வளர்ந்தவள். கையில் எடுத்து முன்பல் கோணலைப் பார்த்தாள். அடியைத் திருப்பிப் பார்த்தாள்.

“அப்பா, இதுல ஏன் பேர் எழுதல?”

செட்டுக்காரர் வாயைத் திறந்தார். அந்த ஒற்றைச் சொல்கூட வரவில்லை. உள் அறையில் மனைவி இருமினாள்.