உங்கடை தலை எந்த வகை?

ஷாம்பு விற்கிறவளுக்கு வாடிக்கையாளரின் முகம் இரண்டாம் பட்சம். கண் முதலில் போவது உச்சந்தலைக்குத்தான்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, அழகுசாதனப் பொருட்கள் விற்கிற ஒரு கடையில் ஆறு வருடமாக ஷாம்புப் பகுதியில் நிற்கிறேன். நாற்பது ஐம்பது போத்தல்கள் வரிசையாய்ப் பளபளக்க, எதை எடுப்பதென்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். மூடியைத் திறந்து மணந்து பார்த்திருப்பீர்கள். போத்தலில் சிரிக்கிற பெண்ணின் கூந்தலைப் பார்த்து ஏமாந்திருப்பீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, விற்கிற நானே முதலில் அப்படித்தான் இருந்தேன். ஆனால் ஒரு தலைக்குச் சரியான போத்தல் அமைந்து, அந்த ஆள் திரும்பி வந்து அதைச் சொல்லும்போது மனசுக்குள் ஒரு புளுகம், ஒரு பெரிய சந்தோசம் வரும் பாருங்கள், அதற்காகவே நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்கலாம்!

அப்பிள் மணம்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு பள்ளிக்கூட ரீச்சர் வந்தா. ஐம்பது வயதிருக்கும், நல்ல அடர்த்தியான சுருள் முடி. "எனக்கு ஒரு நல்ல ஷாம்பு தாங்கோ பிள்ளை" என்றா. எனக்கு அப்போது தெரிந்த ஒரே கலை மூடியைத் திறந்து மூக்குக்குக் கிட்டப் பிடிப்பதுதான். அப்பிள் மணம் வீசிய ஒரு பச்சைப் போத்தலை நீட்டினேன். ரீச்சருக்கும் மணம் பிடித்துவிட்டது. வாங்கிக்கொண்டு போய்விட்டா.

பத்து நாள் கழித்து அதே போத்தலோடு வந்து நின்றா. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, "இதிலை என்ன எழுதியிருக்கெண்டு வாசியுங்கோ" என்றா. வகுப்பில் எழும்பி நிற்கிற பிள்ளை போல வாசித்தேன். எண்ணெய்ப் பிடிப்பான தலைக்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ரீச்சருடையதோ வறண்ட முடி. கொஞ்சநஞ்சம் இருந்த பசையையும் அந்த ஷாம்பு வழித்துத் துடைத்துவிட்டது. எனக்கு முகம் சிவந்துபோனது. வறண்ட முடிக்கானதையும், முடி நுனிக்குப் பூசுகிற கண்டிஷனரையும் தேடி எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, முழுக் கடைக்கும் கேட்கிற மாதிரி ரீச்சர் சொன்னா: "பிள்ளை, பத்து நாளா என்ரை தலை தும்புக்கட்டை மாதிரி நிக்குது; என்னைத் தலைகீழாப் பிடிச்சால் முற்றம் கூட்டலாம்."

அன்றைக்குப் பிறகு கடையிலுள்ள ஒவ்வொரு போத்தலின் முதுகையும் வாசித்து முடித்தேன். பரீட்சைக்குக்கூட நான் அப்படி வாசித்ததில்லை.

கறுப்புக் கோட்

குருநகரிலிருந்து வந்த அந்த அண்ணை கடல் தொழில் செய்கிறவர். அகன்ற தோள். அந்தத் தோள் முழுக்கப் பொடுகு. எங்கள் பேச்சில் அதைச் சொடுகு என்போம். மூன்று கிழமையில் தம்பிக்கு மாதா கோயிலில் கலியாணம், இவர்தான் மாப்பிள்ளைத் தோழன், போடப் போவது கறுப்புக் கோட். "ஆக்கள் எல்லாரும் போட்டோ எடுப்பினம் தங்கச்சி" என்று மெதுவாகச் சொன்னார். சொல்லும்போதே கை தானாகத் தோளைத் தட்டியது. பல காலமாகத் தட்டித் தட்டிப் பழகிப்போன கை.

தலையைப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வழிந்தது. சொடுகுக்கு மருந்து என்று யாரோ சொல்ல, தினமும் பூசியிருக்கிறார். "அண்ணை, உந்த எண்ணெயை முதல்லை நிப்பாட்டுங்கோ, அது சொடுகைக் கூட்டும். இந்த மருந்து ஷாம்புவைக் கிழமைக்கு ரெண்டு தரம் போடுங்கோ. போட்ட உடனை கழுவக் கூடாது, அஞ்சு நிமிசம் நுரையோடை நிக்கோணும்" என்றேன். அந்த அஞ்சு நிமிடத்தை மட்டும் இரண்டு தரம் திருப்பிக் கேட்டார்.

கலியாணத்தன்று காலை கடை வாசலில் ஓட்டோ வந்து நின்றது. உள்ளே இருந்து கறுப்புக் கோட்டும் சட்டைப் பையில் ரோசாப்பூவுமாக இறங்கினார்! கோயிலுக்குப் போகிற வழியில் எனக்குக் காட்டவென்றே வந்திருக்கிறார். நான் இருந்த உயரத்துக்குக் குனிந்து தோளைக் காட்டினார். கறுப்பு என்றால் கறுப்பு, ஒரு புள்ளி இல்லை. சாமான் வாங்க வந்தவர்கள் கை தட்டினார்கள். ஓட்டோவில் திரும்ப ஏறும்போது சொன்னார்: "இருவது வருசம் காத்திலையும் மழையிலையும் கடலிலை நிண்டிட்டன் தங்கச்சி, ஆனால் தலையிலை நுரையோடை அஞ்சு நிமிசம் நிண்டதுதான் பெரிய பாடு!"

கிணற்றின் குற்றம்

ஒரு நாள் மாமியும் மருமகளுமாக வந்தார்கள். மாமியின் கையில் முக்கால்வாசி முடிந்த போத்தல். "போலிச் சாமான் விக்கிறியளோ?" என்று வந்ததும் வராததுமாகத் தொடங்கினா. நுரையே வரவில்லையாம், முடி கயிறாகிவிட்டதாம். மருமகள் சுன்னாகத்திலிருந்து கரையோர ஊர் ஒன்றுக்குக் கலியாணம் செய்து போன பிள்ளை. நுரை வரவில்லை என்று அவள் கூடக்கூட ஊற்ற, போத்தல் ஒரே கிழமையில் முடிய, "ஊதாரி" என்று மாமி பேச, வீட்டில் பெரிய சண்டையாம். பிள்ளையின் கண் கலங்கியிருந்தது.

"உங்கடை வீட்டிலை என்ன தண்ணி?" என்று கேட்டேன். கிணற்றுத் தண்ணீர், குடிக்க முடியாத உவர். அதிர்ஷ்டத்துக்கு, நுரை வராததைக் கடையிலேயே காட்டவென்று மாமியே ஒரு போத்தலில் அதையும் கொண்டு வந்திருந்தா. கடையில் நாங்கள் குடிக்கிற தண்ணீரை இன்னொரு போத்தலில் எடுத்தேன். இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு ஷாம்பு. இரண்டையும் ஒன்றாகக் குலுக்கினேன். கடையே சுற்றி நின்றது. எங்கள் தண்ணீரில் நுரை கழுத்து வரைக்கும் பொங்கி எழுந்தது. கிணற்றுத் தண்ணீரில் ஒரு விரல் உயரம் வந்து, பார்த்துக்கொண்டிருக்கவே அமர்ந்துபோனது. "ஷாம்புவை ஊத்திப் பிரயோசனமில்லை. தலை கழுவுறதுக்கு மட்டும் நல்ல தண்ணி ஒரு வாளி எடுத்து வையுங்கோ, மழைத் தண்ணி எண்டால் இன்னும் நல்லது" என்றேன். மாமி இரண்டு போத்தலையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: "ஐயோ, ஆறு மாசமா இந்தப் பிள்ளையை ஏசினன், கிணத்தை எல்லோ ஏசியிருக்கோணும்!"

விற்காத போத்தல்

தொப்பி போட்ட ஒரு பஸ் கொண்டக்டர். தொப்பியைக் கழற்றி, பின்பக்கம் குத்திக் காசு அளவு வட்டமாக முடி கொட்டின இடத்தைக் காட்டினார். புழுவெட்டு. பெண் பார்க்கிற நேரமாம். "எவ்வளவு விலையெண்டாலும் பரவாயில்லை, முடி வளர்ற ஷாம்பு தாங்கோ" என்றார். அப்படி எழுதின போத்தல்கள் எங்கள் தட்டில் நாலு இருந்தன. என் முதலாளி பின்னால் நின்று, எடுத்துக் கொடு என்று கண்ணால் காட்டினார். என்னால் முடியவில்லை. "அண்ணை, ஷாம்பு தலையைக் கழுவும். உதுக்கு டொக்டரைப் பார்க்கோணும். ஆஸ்பத்திரியிலை தோல் கிளினிக் இருக்கு, கெதியாப் போங்கோ" என்றேன். வெறுங்கையோடு போனார். முதலாளி அன்றைக்கு என்னோடு கதைக்கவில்லை. நானும் வீட்டுக்குப் போய், வேலை போனால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒருவர் தொப்பியில்லாமல் கடைக்குள் ஓடி வந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. திரும்பி நின்று பின்தலையைக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. வட்டம் மூடிவிட்டது! கையில் கலியாண அழைப்பிதழ். எனக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று. முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கிச் சொன்னார்: "அண்ணை, உங்கடை கடையிலை ஒண்டும் வாங்காமல் போனபடியாலைதான் எனக்கு முடி வந்தது!"

புதுத் தலை

மாதா மாதம் ஒரு அம்மா தலையில் சீலைத்துண்டு கட்டிக்கொண்டு வருவா. சவர்க்காரம், பவுடர் வாங்குவா. ஷாம்புத் தட்டுப் பக்கம் வரும்போது நடை கொஞ்சம் வேகமாகும். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிறா என்று கூட வருகிற அவவின் கணவர் ஒருமுறை சொல்லியிருந்தார். நானும் அந்தப் பக்கம் போத்தல் அடுக்குகிற மாதிரித் திரும்பி நின்றுகொள்வேன்.

சென்ற மாதம் நேரே எனக்கு முன்னால் வந்து நின்று துண்டை அவிழ்த்தா. தலை முழுக்க அரை அங்குலத்துக்கு முடி, வெல்வெட் மாதிரி! "பிள்ளை, எனக்கு எந்த ஷாம்பு சரி?" என்றா. வழக்கமான கேள்விதான் வாயில் வந்தது: "எண்ணெய்த் தலையோ அம்மா, வறண்ட தலையோ?" அவ சிரிசிரியென்று சிரித்தா. "தெரியேல்லையே, இது புதுத் தலை!" என்றா. டொக்டர் தலை கழுவலாம் என்று சொல்லிவிட்டார் என்பதைக் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டேன். குழந்தைப்பிள்ளைகளுக்குப் போடுகிற, மணம் இல்லாத, மென்மையான ஷாம்புவைத் தேடினேன். கடையில் வேலை செய்கிற மற்றப் பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள், அந்தத் தலையைத் தொட்டுப் பார்க்க. அவ குனிந்து ஒவ்வொருவருக்கும் காட்டினா. கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். இவ்வளவு கொஞ்ச முடிக்கு இது போதும் என்று நினைத்து மிகச் சின்னப் போத்தலை எடுத்து நீட்டினேன். அவ அதை என் கையிலேயே திருப்பி வைத்தா: "சின்னன் வேண்டாம் பிள்ளை, பெரிய போத்தலாத் தாங்கோ, இது வளரப் போகுது."

இத்தனை தலைகளுக்குப் பொருத்தம் பார்த்துக் கொடுத்த என் வீட்டில், உடம்புக்குப் போடுகிற சவர்க்காரத்தாலேயே தலையையும் தேய்க்கிற என் கணவர் ஊரிலேயே நல்ல முடியோடு திரிகிறார் என்பதை நீங்கள் தயவுசெய்து எங்கள் முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள்.