பால் காய்ச்சாத வீட்டுப் பையன்

என் தம்பி நன்றாகப் பந்து ஆடுவான். 'ஆடுவான்' என்றுதான் இன்னும் கை எழுதுகிறது. போன பங்குனியில் அவிநாசி ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி அவனை முடித்துவிட்டது. அழுகிற மாதிரி எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் எட்டாவதோடு நின்றவள், அப்படியெல்லாம் எழுத வரவில்லை. எரிச்சல்தான் வருகிறது. அதனால் எரிச்சலையே எழுதுகிறேன்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். அங்கே பையன்களுக்கு 'அம்மா' என்று சொல்ல வருவதற்கு முன்பே பந்தை உதைக்க வந்துவிடும். அப்பா எங்களை விட்டுப் போன பிறகு, அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு ரயில் ஏறினாள். அவளுக்கும் எனக்கும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை. அவள் நூல் பிசிறு வெட்டுவாள். நான் செக்கிங் மேசையில் நின்று துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பேன். தம்பி கவர்மென்ட் ஸ்கூலில் படித்தான். படித்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. பந்துதான் ஆடினான்.

எங்கள் முதலாளிக்குக் கம்பெனி போதாமல் ஊத்துக்குளி ரோட்டில் ஒரு பள்ளிக்கூடமும் இருந்தது. அவருக்கு ஒரு பங்காளி, பெரியப்பா மகன். அவருக்கும் ஒரு கம்பெனி, ஒரு பள்ளிக்கூடம். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கிணறு உண்டு. கிணற்றில் தண்ணீர் வற்றிப் பல வருசம் ஆகிறது, சண்டை மட்டும் வற்றவில்லை. இவர் ஸ்கூல் பஸ்ஸுக்கு மஞ்சள் அடித்தால் அவர் அதைவிடக் கெட்டியாக மஞ்சள் அடிப்பார். பஸ் முடிந்து, ஆண்டு விழா முடிந்து, கடைசியில் சண்டை ஃபுட்பாலுக்கு வந்து சேர்ந்தது. பந்து உருண்டையாக இருக்கும் என்பதைத் தவிர அந்த விளையாட்டைப் பற்றி இரண்டு பேருக்கும் எதுவும் தெரியாது.

ஒரு நாள் முதலாளி நேராக அம்மாவிடம் வந்து நின்றார்.

"ஏம்மா, உம் பையன் பந்து நல்லா வெளையாடுவானாமா?"

அம்மா கத்திரிக்கோலைக் கீழே போட்டுவிட்டாள். "கண்ணாடி எதையும் ஒடச்சிட்டானா சார்?"

"அதெல்லாம் இல்லம்மா. நம்ம ஸ்கூல்ல பதினொண்ணாவது சேத்திக்கறம். பீஸ் ஒண்ணும் வேண்டாம்."

அந்த ஸ்கூல் பி.டி. சார்தான் எங்களுக்கு விவரம் சொன்னார். பள்ளிகளுக்கான போட்டியின் கடைசி மேட்ச்சைப் பார்க்க ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்காரர்கள் வருவார்களாம். அவர்கள் கண்ணில் பட்டுவிட்டால் சாப்பாடு, படிப்பு, தங்குவது எல்லாம் இலவசம். அப்புறம் போலீசோ ரயில்வேயோ கோட்டாவில் எடுத்துக்கொள்வார்கள். சாயப்பட்டறைக்குப் போகாமல் தம்பி பிழைப்பதற்கு எங்களுக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். அம்மா அன்றைக்கே மெழுகுவத்தி ஏற்றிவிட்டாள்.

இடையில் ஒரு விதி இருந்தது. ஜூன் மாதம் முடிந்து பள்ளிக்கூடம் மாறியவன் அந்த வருசம் ஆடக் கூடாது. குடும்பத்தோடு வீடு மாறி வந்திருந்தால் மட்டும் ஆடலாம். நாங்கள் மாறியது ஜூலைக் கடைசியில். முதலாளி யோசிக்கவே இல்லை. கம்பெனிக்குப் பின்னால் அவருக்கு லைன் வீடுகள் உண்டு, அதில் ஒன்று காலியாக இருந்தது. வேஸ்ட் துணி ஏற்றும் டெம்போவில், மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து நாங்கள் குடி வந்தோம். உண்மையாகவே வந்தோம், யாரையும் ஏமாற்றவில்லை.

வாசலில் முதலாளியம்மா நின்றிருந்தார்.

"ஏனுங் அம்மணி, ஆடி மாசமுங். ஆடியில குடி போறது ஆகாதுங். சாமான வெச்சுக்கங்க, படுத்துக்கங்க, சோறாக்கிக்கங்க. பால் மட்டும் காய்ச்சீராதீங்க. ஆவணி பொறந்ததும் நல்ல நாள் பாத்து நானே வந்து காய்ச்சித் தாரேன். அதுவரைக்கும் நீங்க குடி வந்ததாக் கணக்கில்லீங்க."

"நாங்க வேதக்காரங்கம்மா. எங்களுக்கு ஆடி எல்லாம் கெடையாது" என்றாள் அம்மா.

"உங்குளுக்கு இல்லீனாப் போகுது. ஊடு எங்குளுதுங்களே."

அது நியாயம்தான். அந்த அடுப்பில் கருவாடு கொதித்தது, ரசம் கொதித்தது, என் கம்பெனி யூனிபார்முக்குக் கஞ்சிகூடக் கொதித்தது. பால் மட்டும் ஏறவில்லை. காலையிலும் மாலையிலும் கடுங்காப்பிதான்.

"யக்கா, நாம இங்க இருக்கோமா, இல்லையா?" என்று தம்பி கேட்டான்.

"சோத்துக்கு இருக்கோம்ல. காப்பிக்குத்தான் இல்ல."

அவன் ஆட ஆரம்பித்தான். பால் கொடுப்பா, பால் கொடுப்பா என்று கிரவுண்டில் கத்துவார்கள், இந்த ஊரில் ஃபுட்பாலுக்கும் அதுதானே பேர். அந்தப் பால் இவன் காலுக்கு வந்தால் போதும். ஒவ்வொரு மேட்ச்சாக ஜெயித்துக் கடைசி மேட்ச்சுக்கு வந்தாகிவிட்டது. எதிரில் யார் என்று கேட்கவே வேண்டாம், பங்காளி முதலாளியின் ஸ்கூல்தான். மேட்ச்சுக்கு முந்தின நாள், தம்பி ஆடக் கூடாது என்று அவர் ஆட்சேபம் கொடுத்தார். விசாரணைக்கு வரச் சொல்லி எங்களுக்கும் ஆள் வந்தது. நானும் அம்மாவும் பர்மிஷன் போட்டுவிட்டுப் போனோம்.

ஒரு பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் அறையில் விசாரணை. ரிட்டயரான ஹெட்மாஸ்டர் ஒருவர் தலைவர். அவருக்கு இரண்டு பக்கமும் தலையாட்ட ஒவ்வொருவர். இந்தப் பக்கம் எங்கள் முதலாளியும் பி.டி. சாரும், அந்தப் பக்கம் பங்காளி. நடுவில் ஒரு தட்டு போண்டா. எங்களுக்கு நாற்காலி இல்லை. தம்பி வராந்தாவில் நின்றான்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "சட்டம் தெளிவா இருக்குதுங்க. குடும்பத்தோட ஊடு மாறி வந்திருந்தா ஆடலாம். வந்திருக்கறாங்களா, இல்லீங்களா?"

"வந்துட்டாங்க சார். வேணும்னா இப்பவே போய்ப் பாக்கலாமுங்க" என்றார் பி.டி. சார்.

"எந்த மாசமுங் வந்தாங்க?" என்றார் பங்காளி.

"ஜூலைங்க."

"நான் தமிழ் மாசம் கேட்டனுங்."

பி.டி. சார் கொஞ்சம் இழுத்தார். "ஆடிங்க."

அறையில் இருந்த எல்லோரும் ஏதோ செத்த எலியைப் பார்த்த மாதிரி முகத்தைச் சுளித்தார்கள். "ஆடியில யாராச்சும் ஊடு மாத்துவாங்களா?" என்று தலைவர் கேட்டார். அது ஃபுட்பால் சட்டப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருப்பது போலக் கேட்டார். எங்கள் முதலாளியும் பழக்க தோசத்தில் தலையாட்டிவிட்டார்.

"அவங்க கிறிஸ்துவங்க சார். ஆடியெல்லாம் பாக்க மாட்டாங்க" என்று பி.டி. சார் சமாளித்தார்.

"அப்பச் சரி" என்று பங்காளி அம்மாவின் பக்கம் திரும்பினார். குரலில் தேன் ஒழுகியது. "ஏனுங் அம்மணி, புது ஊட்டுல பால் காய்ச்சுனீங்களா?"

அம்மா எங்கள் முதலாளியைப் பார்த்தாள். அவள் மனதில் ஓடியது எனக்குத் தெரியும். முதலாளியம்மா பேச்சை மீறிவிட்டோமா என்று சோதிக்கிறார்கள் என நினைத்துவிட்டாள். நிமிர்ந்து நின்று பெருமையாகச் சொன்னாள்:

"ஐயோ, இல்ல சார்! மொதலாளியம்மா சொன்னபடி ஒரு சொட்டுப் பாலு அடுப்புல ஏத்தலையே. ஆவணி பொறந்ததும் அவுகளே வந்து காய்ச்சித் தாரேன்னு சொல்லியிருக்காவ. அதுவரைக்கும் நாங்க குடி வந்ததாக் கணக்கில்லன்னு அவுகளே சொன்னாவ."

பங்காளி சிரிக்கக்கூட இல்லை. ஒரு போண்டாவை எடுத்துக்கொண்டார். "ஊட்டுக்காரங்களே குடி வல்லீனு சொல்லிப்போட்டாங்க. அப்புறமென்னுங் விசாரணை?"

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், நாங்க அங்கதான் படுக்கோம், அங்கதான் திங்கோம். எங்க சட்டி பானை எல்லாம் அங்கதான் இருக்கு."

"கண்ணு, படுக்கறது வேற, குடி போறது வேற. சத்தரத்துலயுந்தான் படுக்கறாங்க" என்றார் தலைவர். எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவரோ, பாவம் அந்தப் பிள்ளைகள்.

எல்லோரும் எங்கள் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் வீடு, நான்தான் குடி வைத்தேன், பால் கிடக்கட்டும் என்று சொல்ல வேண்டியதுதான். பங்காளியும் அதற்குத்தான் காத்திருந்தார்.

"நீங்களே சொல்லுங்க. ஆடி மாசத்துல உங்க ஊட்டுல ஆளக் குடி வெச்சீங்களா?"

கப்பலில் அமெரிக்காவுக்குச் சட்டை அனுப்புகிற மனிதர் எங்கள் முதலாளி. அவர் போண்டாத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதெப்படிங்க வெப்பேன்" என்றார்.

அவ்வளவுதான்.

"இன்னிக்கே ஒரு பாக்கெட் வாங்கிக் காய்ச்சிப்போடலாமுங்க சார்" என்று பி.டி. சார் கெஞ்சினார்.

"ஆடி முடியலீங்களே" என்று தலைவர் எழுந்துவிட்டார். மேட்ச் நாளைக்கு. ஆவணி பிறக்க அதற்குப் பிறகும் இரண்டு நாள் இருந்தது.

எங்கள் செக்கிங் மேசையில் சில பீஸ் வரும். துணியில் ஓட்டை இருக்காது, தையலில் பிசகு இருக்காது, கழுத்தில் லேபிள் மட்டும் மாறியிருக்கும். அதைத் தூக்கி, கழிவு விலைக்குப் போகிற 'செகண்ட்ஸ்' பெட்டியில் போட்டுவிடுவோம். நானே எத்தனையோ போட்டிருக்கிறேன். தம்பியை அன்றைக்கு அப்படித்தான் போட்டார்கள்.

மேட்ச் அன்று அவன் கசங்காத சட்டையோடு கோட்டுக்கு வெளியில் உட்கார்ந்திருந்தான். எதிர் டீமில் முன்னால் நின்று ஆடியவன் பாலக்காட்டுப் பையன். அவனும் வெளியிலிருந்து கூட்டி வந்தவன்தான். ஆனால் அவன் குடும்பம் தையிலேயே பால் பொங்கவிட்டுக் குடி வந்துவிட்டதாம். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் தோற்றோம். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்காரர்கள் அந்தப் பையனையும் ஒரு கோல் கீப்பரையும் எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்கள். பி.டி. சார் பின்னாலேயே ஓடி, "சார், இந்தப் பையன ஒருக்கா பாருங்க" என்றார். அதற்கு அவர்கள், "ஆடாதவன எப்படிப்பா பாக்கறது?" என்றார்கள். அதுவும் நியாயம்தான். அந்த வாரம் முழுக்க எல்லோரும் நியாயமாகவே பேசினார்கள்.

பங்காளி முதலாளி வெட்கமே இல்லாமல் தம்பியின் தோளில் கை போட்டார்.

"கண்ணு, நம்ம ஸ்கூலுக்கு வந்துரு. தங்கமா வெச்சுக்கறம்."

"வந்தா மறுபடி ஆட முடியாதுங்களே சார்" என்றான் தம்பி. இதற்குள் அவனுக்கும் 'ங்க' ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஊட்டத் தையில மாத்திக்கலாம். தையில மாத்துனா எவனும் வாயத் தொறக்க மாட்டான்."

தம்பி கையை மெதுவாக எடுத்துவிட்டான். "இல்லீங்க. அடுத்த வருசம் இங்கியே ஆடிக்கறேன்."

எங்கள் முதலாளியும் அதைத்தான் சொன்னார். "ஒரு வருசம் பொறுத்துக்க கண்ணு. ஜூன் பொறந்தா நீதான் கேப்டன். அப்ப எவன் ஆட்சேபம் சொல்றான்னு பாக்கலாம்." ஆவணியில் முதலாளியம்மா வந்து பால் காய்ச்சினார். கிழக்குப் பக்கம் பொங்கியதால் ரொம்ப விசேசம் என்றார். தம்பி இரண்டு டம்ளர் குடித்தான்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் கம்பெனிச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டே இருந்தான். டம், டம் என்று சத்தம் செக்கிங் மேசை வரைக்கும் கேட்கும். சூப்பர்வைசர் திட்டுவார். ஜூன், ஜூன் என்றே பேசினான். அம்மாவும் பொறுத்தாள். பங்குனியில் அது நின்றுபோனது.

அடக்கத்துக்கு முதலாளி டெம்போ அனுப்பினார், மாலையோடு வந்தார். பங்காளியும் மாலையோடு வந்தார். யார் மாலை பெரிது என்று கூட்டத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டது என் காதிலேயே விழுந்தது.

போன வாரம் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் அம்மா எழுந்திருக்கவில்லை. பிசிறு வெட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்:

"ஏட்டி, சூன் பொறந்துட்டுல்லா. இனி அவன் ஆடலாம்லா? யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுலா?"

"முடியாதும்மா. ஆடலாம்" என்றேன்.